காயமுற்ற உடலும் உணவும்: கடுந்தலைக்காய நோயாளருக்கு ஊட்டமளித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் அக்கருவிகளைக் கண்டறிந்தோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. உணவு அவ்வரலாற்றினுள் இடம்பெறுவது அரிது. அவ்வுணவைச் சமைத்தோரும் ஊட்டியோரும் இடம்பெறுவது அதனினும் அரிது. இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையிற் காலடி வைப்பதேன் என்ற வினா எழலாம். ஒரு சமூகம் எவருக்கு உணவளிக்கின்றது, எவ்வளவு அளிக்கின்றது, எப்பொழுது மறுக்கின்றது என்பன உடற்றொழிலியல் மட்டும் விடையளிக்கக்கூடிய வினாக்கள் அல்ல. அவற்றைச் சமூக வரலாற்று மாணவனும் கேட்டாக வேண்டும்.

தலையிற் கடுங்காயமுற்று நினைவிழந்து கிடக்கும் ஒருவரின் உடலை நோக்குவோம். அது அசைவதில்லை, பசிக்கிறது என்று கூறுவதில்லை. எனவே அதற்கு உணவும் அதிகம் வேண்டியதில்லை என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. அசையாது கிடக்கும் அவ்வுடல், வேலை செய்யாது இருக்கும் சுகதேகியின் உடலிலும் பார்க்க ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலான சக்தியை எரித்துக்கொண்டிருக்கிறது. பட்டினிக்கு இசைவாக்கம் பெற்ற சாதாரண மனிதர் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் நைதரசனையே இழக்கின்றார். உணவின்றிக் கிடக்கும் கடுந்தலைக்காய நோயாளரோ 14 முதல் 25 கிராம் வரை இழக்கின்றார். ஒரு கிராம் நைதரசன் என்பது ஏறத்தாழ 30 கிராம் தசைக்குச் சமம். 20 கிராம் இழப்பு என்று கொண்டால் நாளொன்றுக்கு 600 கிராம் தசை. பத்து நாட்களில் ஆறு கிலோகிராம். காயம் மூளையில், கரைவதோ தொடையும் தோளும் மார்பும், மூச்சை இழுக்கும் தசைகளும்.

காயமுற்ற உடல் தன்னைத்தானே தின்கிறது என்ற அடிப்படை உண்மை 1930களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆயின், தலைக்காய நோயாளரின் படுக்கையை அது சென்றடைய 1980கள் வரை செல்லவேண்டியிருந்தது. இந்த அரை நூற்றாண்டுத் தாமதமே இக்கட்டுரையின் பொருள்.

நோயுற்றவரைப் பட்டினியிடுதல் என்பது எல்லா நாடுகளிலும் வேரூன்றியிருந்த வழக்கம். எமது மரபில் லங்கணம் பரம ஒளடதம் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாரிசு நகரில் புரூசே என்னும் மருத்துவரின் செல்வாக்கினால் அட்டை கடிக்கவிடுதலும் உணவு மறுத்தலும் விஞ்ஞானத்தின் பெயராலேயே நடைபெற்றன. இதற்கு எதிர்க்குரல் டப்ளினிலிருந்து எழுந்தது. ரொபேட் கிரேவ்ஸ் காய்ச்சல் நோயாளருக்கு உணவளிக்க வேண்டும் என வற்புறுத்தினார். காய்ச்சற்காரருக்கு உணவளித்தவன் என்பதையே தமது கல்லறை வாசகமாகப் பொறிக்கலாம் என்று அவர் கூறியதாக மருத்துவ உலகம் இன்றும் நினைவுகூருகின்றது. அவரது விரிவுரைகள் 1843ல் நூலாயின. இரண்டாண்டுகளின் பின் அதே அயர்லாந்திற் பெரும் பஞ்சம் தொடங்கிற்று. பட்டினியும் காய்ச்சலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரியும் நாட்டிலே இக்குரல் எழுந்தமை தற்செயலானதன்று என்றே நாம் கருதுகின்றோம்.

விழுங்க இயலாதவருக்கு உணவை உட்செலுத்தும் குழாயின் கதை வேறு திசையிற் செல்கிறது. 1790ல் இலண்டனில் ஜோன் ஹன்ரர் விலாங்கு மீனின் தோலைத் திமிங்கில எலும்புச் சலாகையின் மேற் போர்த்தி, விழுங்குந் தசைகள் செயலிழந்த ஒருவரின் இரைப்பைக்கு உணவு செலுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குழாய் பெரிதும் வழங்கிய இடங்களுள் ஒன்று மனநோயாளர் காப்பகம். அங்கிருந்து அது சிறைக்குச் சென்றது. 1909ல் வாக்குரிமை கோரிச் சிறையில் உண்ணாவிரதமிருந்த பிரித்தானியப் பெண்களுக்கு அதே குழாயின் வழியாகப் பலவந்தமாக உணவு புகட்டப்பட்டது. 1917ல் ஐரிஷ் விடுதலைப் போராளி தோமஸ் ஆஷ் டப்ளின் சிறையில் இவ்வாறு புகட்டப்பட்டதைத் தொடர்ந்து இறந்தார். 1921ல் நியூ ஓர்லியன்ஸ் மருத்துவர் ஏபிரகாம் லெவின் மூக்கின் வழியே செல்லும் மெல்லிய இறப்பர்க் குழாயை அறிமுகம் செய்தார். வைத்தியசாலை விடுதிகளில் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஒரு கருவியை அதன் பயனைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது. எவர் கையில் எவர் மீது அது பயன்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இனிக் கிளாஸ்கோவுக்கு வருவோம். கப்பல் கட்டுந் துறைகளும் இரும்பாலைகளும் நிறைந்த நகரம் அது. முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே தொழிலாளர் போராட்டங்களுக்குப் பேர்போனது. அங்குள்ள அரச வைத்தியமனையில் உயிரிரசாயனவியலாளராயிருந்த டேவிட் கத்பேட்சன், கால் எலும்பு முறிந்தோரின் சிறுநீரை நாள்தோறும் அளந்து வந்தார். முறிவு பொருந்துவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பொசுபரசும் உடலில் எவ்வாறு வரவும் செலவும் ஆகின்றன என்பதை அறிவதே தொடக்க நோக்கம். கண்டதோ வேறு. நைதரசன் பெருமளவில் வெளியேறிக்கொண்டிருந்தது. படுத்தே கிடப்பதனால் நேரும் இழப்பாக இருக்கலாமோ என்ற ஐயத்தை, சுகதேகிகளைப் படுக்கையிற் கிடத்தி 1929ல் வெளியிட்ட ஆய்வினால் அவர் ஏற்கெனவே சோதித்திருந்தார். அவ்விழப்பு சிறிது; இது பெரிது. முறிந்த இடத்தைச் சூழ்ந்த தசை மட்டும் இவ்வளவைத் தரமுடியாது. எனவே முழு உடலின் தசையும் கரைகிறது என்ற முடிவுக்கு 1932ல் அவர் வந்தார். புரதமும் சக்தியும் மிகுந்த உணவு இவ்விழப்பைக் குறைக்கும்; ஆயின் முற்றாகத் தடுக்காது என்பதையும் அடுத்த சில ஆண்டுகளிற் காட்டினார். காயத்தை அடுத்து உடல் முதலில் ஒடுங்கிப் பின் பெருக்கெடுக்கும் இரு கட்டங்களை, கடலின் வற்றையும் பெருக்கையும் உவமையாக்கி 1942ல் அவர் பெயரிட்டார். கடற்கரையில் வளர்ந்த எமக்கு அவ்வுவமை புதிதன்று.

கத்பேட்சன் 1945ல் அபடீனிலுள்ள ரோவெற் ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளரானார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்தவர் ஜோன் பொய்ட் ஓர். கிளாஸ்கோவின் சேரிப் பள்ளியொன்றில் இளமையிற் கற்பித்து, அங்கே கண்ட பட்டினியை மறக்காதவர். 1936ல், பிரித்தானிய மக்களிற் பாதிப்பேர் போதிய உணவைப் பெற இயலாதிருப்பதற்கு அவர்களது வருமானமே காரணம் என்று கணக்கோடு காட்டியவர். சமூகத்தின் பட்டினியை ஒருவர் அளந்தார். காயமுற்ற உடலின் பட்டினியை மற்றவர் அளந்தார். இருவரையும் உருவாக்கியது ஒரே தொழில் நகரின் சூழல். கத்பேட்சனை மார்க்சியவாதி என்று நாம் உரிமைகோர முனையவில்லை, அவர் அவ்வாறானவருமல்லர். அவரது வினா எந்த மண்ணில் முளைத்தது என்பதையே சுட்டுகின்றோம்.

இரண்டாம் உலகப் போர் இவ்வறிவை வேறொரு பாதையிற் கொண்டுசென்றது. 1943ல் வங்காளத்தில், ஏறத்தாழ 30 இலட்சம் பேரைக் காவுகொண்டதாக மதிப்பிடப்படும் பஞ்சம் மூண்டது. குடியேற்ற ஆட்சியின் போர்க்காலக் கொள்கை அதற்கு எவ்வளவு பொறுப்பு என்பது வேறோரிடத்தில் விரிவாக ஆராயத்தக்கது. மரணத்தறுவாயிற் கிடந்தோருக்கு, முன்னரே செரிக்கச் செய்யப்பட்ட புரதக் கரைசலை நாளத்தின் வழியே செலுத்தும் முறை அங்கே கையாளப்பட்டது. 1945 ஏப்ரலில் பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபொழுது அதே கரைசலும், வங்காளப் பஞ்சத்தின் பெயர் சூட்டப்பட்ட சர்க்கரைக் கஞ்சியும் அங்கு எடுத்துச்செல்லப்பட்டன. கரைசலைச் சோதிக்குமாறு அனுப்பப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜனற் வோகன் என்னும் குருதியியல் மருத்துவர். முற்போக்கு அரசியலிலும் ஈடுபாடு கொண்டவர். முகாமில் ஊசி என்பது மரணத்தின் முன்னறிவிப்பாக இருந்தமையால், அதனைக் கண்ட நோயாளர் அலறினர். வாய்வழி கொடுத்த கரைசலின் சுவையோ சகிக்கமுடியாதது. இனிப்பு மிகுந்த கஞ்சியும் பலருக்கு ஒவ்வவில்லை. சிறுகச் சிறுக வாய்வழி கொடுத்த பாலே பெரும்பாலானோர்க்குச் சிறந்தது என்பதே வோகன் குழுவினர் கண்ட முடிவு. விடுதலைக்குப் பின்னரும் அம்முகாமிற் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

அதே 1945ல் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ், போரிற் சேர மறுத்த 36 இளைஞரை, அவர்களின் சம்மதத்துடன், 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரியே அவர்களுக்குக் கிடைத்தது. உடல் எடையில் நாலிலொரு பங்கை அவர்கள் இழந்தனர். உணவைத் தவிர வேறெதையும் எண்ண இயலாதவராயினர். இந்த 1,570 என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

போருக்குப் பிந்திய காலத்தில் தொழில்நுட்பம் விரைந்து வளர்ந்தது. சுவீடனில் ஆவிட் ரெற்லிண்ட் நாளத்தின் வழியே செலுத்தத்தக்க கொழுப்புப் பாலை 1960களின் தொடக்கத்தில் ஆக்கினார். பென்சில்வேனியாவில் ஸ்ரான்லி டட்றிக் முதலில் நாய்க்குட்டிகளையும் பின்னர் ஒரு குழந்தையையும் நாளவழி ஊட்டத்தினால் மட்டுமே வளர்த்துக் காட்டி, 1968ல் அதனை வெளியிட்டார். ஆயின் கருவி இருப்பது ஒன்று, அதன் தேவை உணரப்படுவது மற்றொன்று. 1974ல் சாள்ஸ் பட்டவேத் என்னும் அமெரிக்க மருத்துவர், வைத்தியசாலைகளிலேயே நோயாளர் பட்டினியில் வாடுகின்றனர் என்று எழுதியபொழுது அது பெரும் அதிர்ச்சியாக அமைந்தது. எடை குறிக்கப்படுவதில்லை, சோதனைகளுக்காக உணவு நிறுத்தப்படுகிறது, நிறுத்தப்பட்டது மறக்கப்படுகிறது. உலகின் மிகச் செல்வமிக்க நாட்டின் நிலை இது.

தலைக்காயத் துறையில் மாற்றம் ஏற்பட்டமைக்கு வேறொரு பின்னணியுண்டு. மோட்டார் வாகன உற்பத்தியின் பெருக்கம் வீதிகளைக் காயக்களமாக்கிற்று. செயற்கைச் சுவாசமும் தீவிர சிகிச்சைப் பிரிவும், 1971ல் வந்த கணினிக் கதிர்ப்படமும், முன்னர் ஓரிரு நாளில் இறந்திருக்கக்கூடியோரை வாரக்கணக்கில் உயிருடன் வைத்திருந்தன. 1974ல் மீண்டும் கிளாஸ்கோவிலிருந்து, ரீஸ்டேல், ஜெனற் ஆகியோர் நினைவிழப்பின் ஆழத்தை எண்ணாற் குறிக்கும் அளவுகோலைத் தந்தனர். ஒரு வைத்தியசாலையின் நோயாளரை மற்றொன்றின் நோயாளருடன் ஒப்பிடல் அதனால் இயல்வதாயிற்று. பட்டினி தெரியவருவதற்கு நோயாளர் முதலில் உயிருடன் இருந்தாக வேண்டும் என்ற கசப்பான உண்மை இங்கே புலப்படுகின்றது.

1983ல் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கிப் பல்கலைக்கழக மருத்துவர் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றின் திருப்புமுனை. கடுந்தலைக்காயமுற்ற 38 பேர் குலுக்கல் முறையில் இரு தொகுதியினராக வகுக்கப்பட்டனர். 20 பேருக்கு நாளவழி ஊட்டம் உடன் தொடங்கப்பட்டது. 18 பேருக்கு வழமையான குழாயுணவு. முதல் 18 நாட்களில் வழமைத் தொகுதியினரில் எண்மர் இறந்தனர். நாளவழித் தொகுதியில் ஒருவரும் இறக்கவில்லை. இவ்வெண்களே பொதுவாக மேற்கோள் காட்டப்படுகின்றன. எமது கவனத்தை ஈர்ப்பவை வேறிரண்டு எண்கள். நாளவழி ஊட்டம் பெற்றோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 1,750 கலோரி சென்றது. வழமையான முறையில் ஊட்டப்பட்டோர்க்கோ 685 கலோரி. மினசோட்டாவில் மனிதரைத் திட்டமிட்டு அரைப்பட்டினியில் வைக்கக் கொடுக்கப்பட்டது 1,570 கலோரி என்பதை இங்கு இணைத்துப் பார்க்கலாம். பட்டினி ஆய்வுக்கு உட்பட்டோர் பெற்றதிற் பாதியைக்கூட, முன்னேறிய வைத்தியசாலையொன்றில் உயிருக்குப் போராடியோர் வழமைப்படி பெறவில்லை. எவரும் அவர்களைப் பட்டினியிட முடிவுசெய்யவுமில்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? உடல் சார்ந்த காரணங்கள் உண்மையானவை. அவற்றைப் புறக்கணித்துச் சமூகக் காரணத்தை மட்டும் பேசுவது பொருள்முதல்வாதமாகாது. தலைக்காயத்தின் பின் இரைப்பை மந்தமாகி, செலுத்திய உணவு தேங்கி, வாந்தியாகி நுரையீரலுட் புகும் அபாயம் உண்டு. மண்டையோட்டின் அடித்தளம் முறிந்தவருக்கு மூக்குவழி குழாய் செலுத்தின் அது மூளைக்குள்ளேயே சென்றுவிடலாம், சென்றும் இருக்கிறது. ஆகையால் அத்தகையோர்க்கு வாய்வழியே செலுத்துவர். மூளை வீங்கும் என அஞ்சித் திரவத்தைக் குறைப்பதும் வழக்காயிருந்தது. திரவம் குறைய உணவும் குறைந்தது. வீக்கத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில் வழங்கப்பட்ட ஸ்டீரொயிட்டு மருந்துகள் தசைக்கரைவை மேலும் தூண்டின. பல்லாண்டு வழங்கிய அம்மருந்துகள், 10,008 நோயாளரைக் கொண்டு பல நாடுகளில் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், இரு வாரத்துள் நேரும் மரணத்தை 17.9 விழுக்காட்டிலிருந்து 21.1 விழுக்காடாகக் கூட்டுவது வெளிப்பட்டது.

எனினும் இவை முழு விளக்கமாகா. வைத்தியசாலையின் உழைப்புப் பிரிவினையையும் நாம் நோக்குதல் வேண்டும். மண்டையோட்டைத் திறத்தல் சத்திரசிகிச்சை நிபுணரின் பணி. குழாயில் உணவு ஊற்றுதல் தாதியின் பணி. அதனைக் கரைத்தல் சமையற்கூடத்தின் பணி. பணிகளின் தரவரிசை, அவற்றைப் பற்றிய அறிவின் தரவரிசையுமாயிற்று. நேற்று எத்தனை கலோரி சென்றது என்ற கணக்கு ஒருவருக்கும் உரியதாயிருக்கவில்லை. ஊட்டப்பட வேண்டும் என்று பணித்தவர் ஊட்டப்பட்டது என்றே எண்ணிக்கொண்டார். நள்ளிரவில் குழாயை மூடியவருக்கு மூடியதற்கான காரணம் மட்டுமே தெரியும். மூளையும் கையும் பிரிக்கப்பட்டதன் விளைவு மூளைக்காய விடுதியிலேயே இவ்வாறு வெளிப்பட்டது முரண்நகையே.

முற்போக்கு வாசகருட் சிலர் இவ்வரலாற்றில் முதலாளித்துவத்தின் சூழ்ச்சியை மட்டுமே காண விழையலாம். ஊட்டத் திரவங்கள் பெருநிறுவனங்களின் பண்டமாகியமை உண்மையே. வறிய நாடுகளின் வைத்தியசாலைகள் அவற்றை வாங்க இயலாது பாலும் முட்டையும் பருப்பும் அரைத்து ஊட்டுகின்றன என்பதும், அக்கலவையின் தூய்மையையும் சத்தளவையும் உறுதிசெய்தல் கடினம் என்பதும் உண்மையே. வீதி விபத்து மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை வறிய, இடைநிலை வருமான நாடுகளிலேயே நேர்கின்றன என்பதை இதனுடன் சேர்த்தே பார்க்கவேண்டும். ஆயின், பண்டத்தை விற்கும் ஆர்வம் இருந்தும் அரை நூற்றாண்டு அது இவர்களைச் சென்றடையவில்லை என்பதற்குச் சூழ்ச்சி விளக்கமாகாது. அசைவற்ற உடல் உழைப்பற்ற உடல், உழைப்பற்ற உடலுக்கு உணவு குறைவு என்ற எளிய சமன்பாடு, கூலிக்கேற்ற உணவு என்று பழகிய சமூகத்தின் பொதுப்புத்தியிலேயே படிந்திருந்தது என்பது எமது கருத்து.

கென்ரக்கி முடிவையும் மிகைப்படுத்தலாகாது. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. அதே மையத்தினர் 1987ல் வெளியிட்ட 51 பேர் பற்றிய ஆய்வில், ஓராண்டு முடிவில் இரு தொகுதியினருக்குமிடையே திட்டவட்டமான வேறுபாடு இருக்கவில்லை. காரணம் விளங்கத்தக்கது: எவ்வழியே ஊட்டப்படுகிறது என்பதிலும் ஊட்டப்படுகிறதா என்பதே முதன்மையானது. 2014ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,400 தீவிர சிகிச்சை நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்விலும் நாளவழிக்கும் குடல்வழிக்கும் மரண வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. குடல்வழி மலிவானது, குடலையும் தொழிற்பட வைப்பது, இயலுமாயின் அதுவே முதலிற் கொள்ளப்படுகிறது.

நியூ யோர்க் மாநிலத்தின் 22 மையங்களைச் சேர்ந்த 797 நோயாளர் பற்றி 2008ல் வெளியான ஆய்வு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 கலோரி குறையுந்தோறும் மரணம் 30 முதல் 40 விழுக்காடு கூடியதாகக் கண்டது. இது அவதானிப்பு ஆய்வு. நிலைமை மோசமானவருக்கே குறைவாக ஊட்டப்பட்டிருக்கவும் கூடும் என்ற எச்சரிக்கை இங்கு அவசியம். ஐக்கிய அமெரிக்காவின் தலைக்காய வழிகாட்டி நெறிகள் 2016ல், அடிப்படைத் தேவைக்குரிய கலோரி ஐந்தாம் நாளுக்குள்ளாவது, மிகப் பிந்தின் ஏழாம் நாளுக்குள்ளாவது எட்டப்பட வேண்டும் என விதந்துரைத்தன. அளவுமீறி ஊட்டுதலும் தீங்கே. குருதியில் வெல்லம் ஏறக் காயமுற்ற மூளை மேலும் பாதிக்கப்படுகின்றது. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் பெறுவோரின் தேவை பெரிதும் குறைந்துவிடுமாதலால், ஒரே கணக்கு எல்லோர்க்கும் பொருந்தாது.

நினைவு மீண்ட பின்னர்தான் வரலாறு எழுதுவோர் எட்டிப்பாராத பகுதி தொடங்குகிறது. கண் விழித்தவரால் விழுங்க இயலாதிருக்கலாம். தண்ணீர்கூட மூச்சுக்குழாயினுட் சென்றுவிடலாம். நீண்டகாலம் குழாய் வேண்டியோருக்கு, சத்திரசிகிச்சையின்றி வயிற்றுச் சுவரின் வழியே இரைப்பைக்குக் குழாய் வைக்கும் முறை 1979ல் கிளீவ்லாந்திற் குழந்தையொன்றுக்கு முதலிற் கையாளப்பட்டது. இன்று அது உலகெங்கும் உண்டு. பேச்சுச் சிகிச்சையாளர், கதிர்ப்படத்தின் துணையுடன், எவ்வளவு தடிப்பான உணவு எந்த நிலையிற் பாதுகாப்பாக இறங்குகின்றது என்று பார்த்து, கூழிலிருந்து குழைந்த சோற்றுக்கும் அதிலிருந்து வழமையான உணவுக்கும் படிப்படியாக அழைத்துச் செல்வர். மோப்ப நரம்பு அறுந்தவருக்கு உணவின் மணமே இல்லாதொழிகிறது. உண்டதை மறந்து மீண்டும் மீண்டும் உண்போர் உளர். உண்ணவே மறப்போரும் உளர்.

இக்கட்டத்தில் நோயாளர் பெரும்பாலும் வீட்டிலிருக்கின்றார். தலை சற்றே முன்குனியுமாறு நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்து, வாயின் ஓரத்தில் மிச்சமிருக்கிறதா என்று தேடி, பின்னரே அடுத்த தேக்கரண்டி. ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணித்தியாலம் செல்லலாம். உண்டு முடித்த பின்னும் அரை மணித்தியாலம் சாயவிடாது வைத்திருக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, இடையில் இருமுறை பால் அல்லது கஞ்சி. இதைச் செய்பவர் பெரும்பாலும் மனைவி, அல்லது தாய், அல்லது பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்ட மூத்த மகள்.